இரண்டாவது தூணின் மூட்டு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன், இங்கே உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, மனதைப் பற்றிக் கேட்காதே. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மருந்து சாப்பிடச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை. தம்பிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை நிரந்தரமாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் நான், அவன் தினமும் அந்தப் புது நடைமேம்பாலத்தில் ஏறிப் போகிறான் என்பதால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போனில் நீ கேட்டபோது ஆபீஸில் ஏதோ பிரச்சினை என்று மழுப்பினேன், இப்போது முழுதாகச் சொல்கிறேன். பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்தப் பாலத்தின் கணக்கைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. பாலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, தாங்கும் இடத்தைப் பச்சையாகவும் தாங்காத இடத்தைச் சிவப்பாகவும் காட்டும். எங்கள் டிசைனர் தந்த படம் முழுக்கப் பச்சை, கண்ணுக்குக் குளுகுளுவென்று இருந்தது. எனக்குப் படத்தின் மேல் என்றைக்கும் நம்பிக்கை கிடையாது, அம்மா கல்யாண ஆல்பத்தையே சந்தேகமாகத்தான் பார்ப்பாள் என்று நீயே சொல்வாயே. அந்தக் கம்ப்யூட்டர் கணக்கில் தூண்கள் தாங்கும் எடையையெல்லாம் கூட்டினேன், நான் கையால் போட்ட மொத்த எடைக்குச் சமமாக வர வேண்டும், வரவில்லை. நடக்கிறவர்களின் எடையைப் பாலத்தின் ஒரு பாதிக்கு மட்டும் கொடுத்துவிட்டு மறுபாதியை வெறுமையாக விட்டிருந்தார் டிசைனர். திருத்தி மறுபடி ஓட்டினேன், இரண்டாவது தூணில் உத்தரம் வந்து சேரும் மூட்டு செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

மேனேஜரிடம் காட்டினேன். பாலம் கட்டி முடிஞ்சு திறப்பு விழாவுக்கு மேடையும் போட்டாச்சு, இப்ப வந்து சிவப்புன்னா எப்படிம்மா, அவ்வளவு கூட்டம் எந்தக் காலத்துல ஏறப்போகுது என்றார். டிசைனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுடாதீங்க என்று அழுதார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, யாருக்கும் நடக்கக்கூடிய தப்பு. மூட்டுக்கு இரண்டு பக்கமும் தகடு வைத்து வெல்டிங் செய்தால் போதும் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் வேறொருவர் போட்டுவிட்டார், பாலத்தையும் திறந்துவிட்டார்கள். எனக்கு இப்போது மேசை இருக்கிறது, வேலை இல்லை. பாலத்துக்கு அனுமதி கொடுத்த ஆபீஸுக்கு நேரில் போனேன், அதான் கையெழுத்து இருக்கே, அப்புறம் என்ன என்று திருப்பிக் கேட்டார்கள்.

போன வாரம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், அந்த மூட்டின் பெயிண்டில் முடிபோல ஒரு கீறல் ஓடியிருந்தது. உடனே அந்த அனுமதி ஆபீஸில் புகார் சொன்னேன். மறுநாள் ஏணியோடு ஆட்கள் வந்தார்கள், சோதிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கீறல்மேல் பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். என் கணக்கு பொய்யாகட்டும், எல்லோரும் என்னைப் பைத்தியம் என்று சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், ஆனால் எத்தனை முறை போட்டாலும் விடை மாறவில்லை.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காமல் தம்பிக்குப் போன் செய். ஊரே நடக்குதும்மா, உனக்கு மட்டும்தான் விழுற மாதிரி தெரியுது என்கிறான். உன் பேச்சையாவது கேட்பான், கீழே ரோட்டைக் கடந்து போகச் சொல். என் பிள்ளைக்கு மட்டும் சொல்லி அனுப்புகிறேனே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு யாரம்மா போன் செய்வார்கள்?

உன் அம்மா