அத்தையின் மெதுவான அலை

மார்ச் 3

ஆய்வுக்கு அறுபது தாண்டியவர் இன்னும் ஒருவர் வேண்டும். வீட்டிலேயே மாமியார் இருக்க, வெளியே ஏன் அலைவானேன்? ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து ஒயர்களை ஒட்டினேன். நீச்சல் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். குளத்தின் அந்தக் கரைவரை கேட்கும் குரல். ஐந்து நிமிடம் பேசக்கூடாது என்றதும், "இதுக்கு ஆபரேஷனே பண்ணிடலாம்" என்றார். ஆனாலும் வாயே திறக்கவில்லை.

மார்ச் 4

இதயம் கடிகாரம்போல் துடிப்பதில்லை. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கூடும், குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை அலைகளாகப் பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மேலோட்டமாகச் சொன்னால் வேகமான அலை ஓங்கினால் நிம்மதி, மெதுவான அலை ஓங்கினால் மன அழுத்தம். அத்தைக்கு மெதுவான அலை மலைபோல் நிற்கிறது.

வீட்டுக்காரரிடம் உளறிவிட்டேன். என் வாய் இருக்கிறதே.

மார்ச் 5

"அம்மாவுக்கு இங்க ஒத்துக்கலை போல. அண்ணன் வீட்டுக்கே போய் இருக்கட்டும்." சொன்ன கையோடு அண்ணனுக்குப் போனும் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பயணம்.

அத்தை, "உங்க இஷ்டம்" என்றார். இவ்வளவு சுருக்கமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

போகட்டுமே, எனக்கென்ன? சமையலறை என் கைக்கு வரும் — பிறகு ஏன் காலையிலிருந்து எதுவுமே பிடிக்கவில்லை?

மார்ச் 7

பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்டார்: "மூச்சு எத்தனைன்னு எண்ணினியாம்மா?"

எண்ணவில்லை. வேகமான அலை மூச்சோடு சேர்ந்து எழுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு விட்டால், மூச்சின் அலையே மெதுவான பக்கம் போய் உட்கார்ந்து அழுத்தம்போல் வேஷம் போடும். முதலாண்டுப் பாடம். வாழ்நாளைத் தண்ணீரில் கழித்தவர் என்னைப்போலவா மூச்சு விடுவார்? இந்த லட்சணத்தில் எனக்கு டாக்டர் பட்டம் ஒரு கேடு.

மார்ச் 8

மறுபடி படுக்கவைத்தேன். பீப் சத்தத்துக்கு ஏற்ப மூச்சு, நிமிடத்துக்குப் பதினைந்து. மலை காணாமல்போய், வேகமான பக்கம் அழகாக ஒரு மேடு. நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நான் போக வேண்டாமா?"

"நீங்க இங்க நிம்மதியா இருக்கீங்கன்னு மெஷின் சொல்லுது."

"மெஷின் கிடக்கட்டும். நீ என்ன சொல்றே?"

ஒயரைச் சுருட்டும் சாக்கில் குனிந்துகொண்டேன். "போகாதீங்க அத்தை. நீங்க இல்லாம எனக்கு அந்த வீட்டுல இருக்கப் பிடிக்காது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அத்தை எழுந்துகொள்ளாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 10

சொந்தக்காரர்களை ஆய்வில் சேர்க்கக்கூடாது, வேறு ஆள் பார் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

நேற்று ஏன் வரவில்லை என்று கேட்க வீட்டுக்காரரின் அண்ணன் போன் செய்தார். அத்தையே வாங்கிப் பேசினார். "எங்கேர்ந்துப்பா வர்றது? இவ ஆராய்ச்சிக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கணும். கீழ்வீட்டு அம்மாவைச் சம்மதிக்க வைக்கவே ரெண்டு வருஷம் ஆகும்போல."