கியோ வீட்டு ரத்தம்

டப்ளின், 3 மார்ச் 1974

அன்புத் தங்கை நோராவுக்கு,

பத்து வருடம் தேடி எழுதிய நம் குடும்பப்பெயரின் வரலாறு இத்துடன் வருகிறது. கியோ என்றால் யோஹியின் மகன். யோஹி என்ற பெயருக்குள், குதிரை என்று பொருள்படும் பழைய ஐரிஷ் சொல் ஒளிந்திருக்கிறது. விக்லோ மலைத் தலைவர்களுக்குப் பாட்டுக் கட்டியவர்கள் கியோக்கள். எனக்கு வாய்த்தது கரும்பலகை. தலைமையாசிரியர் பதவி யாருக்குப் போனது என்று கேட்காதே.

மாலக்கி கியோ

டினஹீலி, 11 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். ஆடுகள் குட்டி போடுகின்றன. உன் வம்சப் படத்தில் என் பெயருக்குக் கீழே "மணமாகிப் போனாள்" என்று எழுதிக் கோட்டை நிறுத்திவிட்டாயே, என் மூன்று பிள்ளைகள் எங்கே?

மிக் டாயிலுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி. ஊர் நம்பிக்கைப்படி கியோ பெயர்க்காரர் ரத்தம் ஒரு சொட்டுத் தடவினால் ஆறிவிடும் என்கிறார். அப்பா போனபின் அந்தப் பெயரில் இங்கே யாருமில்லை. வருகிறாயா?

நோரா ஹான்லன்

டப்ளின், 15 மார்ச்

நோரா,

நாற்பத்தேழாம் வருடக் கால்பந்து இறுதியாட்டத்தில் கோல் காத்த என்னால்தான் தோற்றோம் என்று ஊரெல்லாம் சொன்னவன் டாயில். சொறியட்டும். பெயர் தந்தைவழி வருவது. அந்த விதியை நான் எழுதவில்லை.

மாலக்கி

டினஹீலி, 25 மார்ச்

அண்ணா,

நானே ஊசியால் விரலைக் குத்தினேன்.

"நீ ஹான்லன் வீட்டுக்காரியாச்சேம்மா, இது கேக்குமா?" என்றார் டாயில்.

"கல்யாணத்துல பாதிரியார் பேரைத்தான் மாத்தினாரு, ரத்தத்தை யாரும் மாத்தலை. சட்டையைத் தூக்குங்க."

ஐந்தாம் நாள் காய்ந்துவிட்டதாம். நன்றி சொல்ல வாயெடுத்தார். சொன்னால் வைத்தியம் பலிக்காது என்று தடுத்துவிட்டேன். "அப்ப உங்க அண்ணன்கிட்ட இதைச் சொல்லு. அந்த கோலை எவனாலயும் தடுத்திருக்க முடியாது" என்றார்.

நோரா

டப்ளின், 2 மே

அன்புத் தங்கைக்கு,

என் விலா முழுக்க அக்கி. மருத்துவர் களிம்பு தந்தார், எரிச்சல் அடங்கவில்லை. தன் ரத்தம் தனக்கு ஆகாது என்று அப்பா சொல்வாரே.

சனிக்கிழமைப் பேருந்தில் வருகிறேன். ஊசியைக் கொதிநீரில் போட்டு வை. டாயில் வந்தால் வரட்டும், இருபத்தேழு வருடம் கழித்தாவது உண்மையைச் சொன்னானே. வம்சப் படத்தையும் கொண்டுவருகிறேன். உன் பெயருக்குக் கீழே கோட்டை நீட்டியிருக்கிறேன்; பிள்ளைகளின் பெயர்களை உன் கையால் எழுது.

நன்றி சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். நான் சொல்லாமல் நின்றால் தவறாக எடுத்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்
மாலக்கி