பதிவேட்டில் நீ எழுதாத மஞ்சள் தண்ணீர்

ஆயுத பூஜைக்குப் பேத்தி தன் லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன்மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் சுள்ளென்று கிளம்பிவிட்டது. நீ செத்து ஒரு வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

தொண்ணூறுகளில், திருப்பூரில் நம் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. நீ அந்த அறைக்குச் சார். நான் கூட்டித் துடைக்கிற ஆயா. குண்டடத்திலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வருவாய். என் தூக்குப்போசிச் சோற்றில் பாதி உனக்குத்தான். எந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு என்ன கோளாறு, எதனால் வந்தது, யார் சரிசெய்தார் என்று பதிவேட்டில் எழுதிவைப்பது உன் வேலை. எலி ஒயரைக் கடித்ததைக்கூட விடமாட்டாய்.

"காரணம் நெசமா இருக்கோணுங்க அக்கா. பொய் எழுதுனா அடுத்து ரிப்பேர் பாக்கறவன் ஏமாந்துருவானுங்க" என்பாய். நானும் நம்பினேன்.

அந்த வருஷ ஆயுத பூஜையில் நீதான் மாவிலையால் மஞ்சள் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்தாய், கீபோர்டெல்லாம் நனைந்து பெட்டிக்குள்ளேயும் இறங்க. லீவு முடிந்து சுவிட்சைப் போட்டதும் புதுப்பெட்டி புகைந்தது. தலைமையாசிரியர் எல்லோரையும் கூட்டிவைத்துப் பதிவேட்டை வாசித்தார்: "காரணம், தரை துடைக்கும்போது ஆயா தண்ணீர் சிந்தியது."

"ஏனுங்க தம்பி, நானுங்களா சிந்துனேன்?"

பேனாவை மூடிக்கொண்டே சொன்னாய்: "எழுதியாச்சுங்க அக்கா, வுடுங்க."

அன்றோடு என் வேலை போயிற்று. பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்ட உட்கார்ந்தேன். எனக்கு முன்னாலேயே கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. "தள்ளி உக்காருங்கடி, அக்கா கம்ப்யூட்டருக்கே தண்ணி காட்டுனவ!" என்று சிரித்தார்கள். கத்திரி பிடித்துப் பிடித்து விரல் காய்த்தது எனக்குப் பெரிதில்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் உன்னைச் சபித்தேன்.

உன் சாவு வீட்டுக்கு வந்தேன். மரியாதைக்கு இல்லை, நீ கிடப்பதைப் பார்க்க. யாரென்று கேட்ட உன் மனைவி, பள்ளிக்கூடத்து ஆயா என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்கதானுங்களா அந்த ஆயாக்கா? அடிக்கடி சொல்லுவாருங்க. பாவம், தெரியாமத் தண்ணியச் சிந்திட்டாங்க, நாந்தான் பெட்டிக்குக் காசு கேக்காமக் காப்பாத்தி வுட்டேன்னு."

பள்ளிக்கூடத்தில் எழுதியது போதாதென்று வீட்டிலும் அதையே ஓதியிருக்கிறாய். காப்பாற்றினாயாம்!

உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, ஒப்பாரி நின்றுபோகும்படி சொன்னேன்: "சிந்துனது நானில்லீங்க கண்ணு. தெளிச்சது இவரு. பொய்யா எழுதுனதும் இவரு. எஞ் சோத்தைத் தின்ன கையிலயே எழுதுனாரு."

"துக்க ஊட்டுல பேசற பேச்சுங்களா இது?" என்று யாரோ என்னைத் தூக்கி எழுப்பினார்கள். உன் மனைவி என் கையை விட்டுவிட்டு, திரும்பி உன் முகத்தைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது.

சொன்னதற்கு எனக்கு வருத்தமே இல்லை. அவள் உன்னைப் பார்த்த அந்தப் பார்வையை நீ பார்க்க வழியில்லாமல் போனதுதான் குறை. உனக்குச் சேர வேண்டியது அது. நான் வைத்திருக்கிறேன்.