பாலத்துக்கு அடியில் இரண்டு பேர்

அன்பு மனைவி அஸ்ஸுந்தாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலியும் மாமாவின் இருமலும் குறைந்தனவா?

உன் கடிதத்தில் மூன்று இடத்தில் எங்கள் தலைமைப் பொறியாளர் தொன் எவாரிஸ்தோவை விசாரித்திருந்தாய். நேப்பிள்ஸ் கடைகளில் விற்கும் அவர் படத்தை நம் சமையலறைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறாயாமே! ஆள் குள்ளம். சூப் குடித்தால் தெருவுக்கே கேட்கும்.

நேற்று அவருடைய தொங்கு பாலத்துக்குச் சோதனை. கல் ஏற்றிய முப்பது மாட்டு வண்டிகள் மேலே போகும்போது, கட்டியவர் கீழே படகில் நிற்பது இங்கே வழக்கம். கரையெல்லாம் கூட்டம். "ஒரோன்சோ, நீயும் ஏறுப்பா" என்று அவர் என்னையும் படகுக்கு அழைத்தார்.

"அய்யாவுக்குத் துடுப்புப் போட ஆள் வேணுமாம்டோய்!" என்று கொல்லர்கள் சிரித்தார்கள். துடுப்புப் போட்டதும் நான்தான்.

தலைக்கு மேல் இரும்புச் சங்கிலி முனகியது. அவர் மெல்லக் கேட்டார்: "ஒவ்வொரு கண்ணியையும் சுத்தியால தட்டிச் சத்தம் பாத்தது நீதானே? எதையும் விட்டுடலையே?"

இரண்டு வருடமாகத் தட்டியிருக்கிறேன், ஒன்றைக்கூட விடவில்லை. ஆனாலும் ஒரு தடவையாவது அந்த முகம் வெளுப்பதைப் பார்க்க ஆசை. "ஞாபகமில்லைங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "விட்டிருந்தா நீ இந்தப் படகுல ஏறியிருப்பியா?"

பாலம் அத்தனை பாரத்தையும் தாங்கி நின்றது. கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது.

ஆற்று ஈரம் எலும்பு வரை இறங்குகிறது. கம்பளிச் சட்டையும் கொஞ்சம் உலர்ந்த அத்திப்பழமும் அனுப்பு. தபால் வண்டிக்காரன் அவசரப்படுத்துகிறான்.

அவர் நன்றாகத்தான் இருக்கிறார். அடுத்த கடிதத்தில் என்னை விசாரி.

உன்
ஒரோன்சோ