தூளிக் கொக்கி

செவ்வாய், இரவு.

விலங்கியல் படித்த என்னையும் வணிகவியல் படித்தவர்களையும் கட்டட ஆய்வாளராக்கும் பயிற்சி இது. இன்று மண்டபம் ஊரில் ஒரு பழைய கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள். "என்ன படிச்சிருந்தாலும் காது இருந்தாப் போதும்" என்று சார் சுத்தியலைக் கையில் கொடுத்தார். கூரையைத் தட்டினால் நல்ல காங்கிரீட் கணீரென்று கேட்கும். உப்புக் காற்றில் உள்ளே கம்பி துருவேறியிருந்தால் பொத்தென்று கேட்கும்.

சாயங்காலம் பாம்பன் வீட்டுக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். பாப்பாவின் தூளி தொங்குகிற கொக்கியைச் சுற்றிப் பழுப்புக் கறை. இத்தனை நாளும் அதன் கீழேதான் ஆட்டினேன். ஸ்டூல் போட்டு ஏறித் தட்டினேன். பொத்தென்றது. கொக்கியிலிருந்து மூலை வரைக்கும் அதே சத்தம். தூளியை அவிழ்த்துவிட்டேன்.

மாமிக்குக் கோபம். "இந்தக் கொக்கியிலதான் உன் புருசன் ஆடி வளந்தான். ரெண்டு மாசம் படிச்சிட்டு வந்து என் வீட்டுக்கே குத்தம் சொல்றியாக்கும்." அவுக கடலுக்குப் போயிருக்காக. கரைக்கு வந்தாலும் என்ன செய்ய முடியும்?

தூளி இல்லாமல் பாப்பா அழுதுகொண்டே இருந்தாள். மடியில் போட்டாலும் தலைக்கு மேல் அதே கூரைதான். எங்கே கிடத்துவேன், மாதாவே. கடைசியில் வாசலில் பாய் விரித்தேன். கொஞ்ச நேரத்தில் மாமி தலையணையோடு வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். தாளில் ஒரு மழைத்துளி விழுந்தது. இன்னொன்று. உள்ளேதான் போகணும்.