றெஜியின் பியர் ஏன் நுரைக்கவில்லை

அன்பு றெஜி,

நேற்று கோயிலில் உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்தது. சுவாமியார் உன்னைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். நீ பியர் காய்ச்சியதை மட்டும் சொல்லவில்லை. நீயாக இருந்தால் பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு இருமல் இருமி ஞாபகப்படுத்தியிருப்பாய்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். நீ பக்கத்தில் இருந்தபோது சொல்லாமல் இப்போது ஊர் வாசிக்க எழுதுகிறேன், என் துணிச்சலைப் பார்.

அந்தக் கிளப் போட்டி நினைவிருக்கிறதா? வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் கூட்டத்தில் நாம் இரண்டு பேர்தான் தமிழர். நீ இங்கிலாந்து முறை ஏல் பியர் தவிர வேறு எதையும் தொடமாட்டாய். அதையும் தானியத்திலிருந்துதான் செய்ய வேண்டும். "ரின்னிலை அடைச்சு வாற பார்லிப் பாகை ஊத்திக் காய்ச்சிறதெண்டால், கடையிலை வாங்கிக் குடிச்சிட்டுப் படுக்கலாம்" என்பாய். முளைவிட்ட பார்லியை உடைத்து, சுடுநீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, கசப்புக்கு ஹொப்ஸ் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் போடும் வரைக்கும் உனக்குச் சாப்பாடே தேவையில்லை.

உன் அப்பார்ட்மென்டில் இடம் இல்லாததால் அந்தப் பெரிய சட்டி அஜக்ஸ் நகரில் என் வீட்டுக் கராஜில்தான் கிடந்தது. "உதுக்குள்ளை தண்ணியும் பார்லியும் ஹொப்ஸும் தவிர வேறை ஒண்டும் போகப்படாது" என்பது உன் கட்டளை.

போட்டிக்குக் காய்ச்சுவதற்கு முதல் வாரம் என் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய விருந்து. சனம் கூடிவிட்டது. வீட்டில் இருந்த சட்டி அத்தனை பேருக்குக் காணாது. அட கோதாரி, நான்தான் றெஜி, உன் சட்டியைச் சமையலுக்குத் தூக்கிக் கொடுத்தேன். அறுபது பேருக்கு அதற்குள் ஆட்டிறைச்சிக் கறி வெந்தது. பிறகு சுடுதண்ணீர் ஊற்றி ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன்.

"சட்டி துப்புரவோ?" என்று கேட்டாய்.

"ஓம் ஓம், கண்ணாடி மாதிரிக் கிடக்கு" என்றேன்.

போட்டியில் உன் போத்தலை ஊற்றினார்கள். நிறம் அருமை. நுரை எழும்பி, சோடா போலப் பொரிந்து, இல்லாமல் போய்விட்டது. ருசி நல்லது, நுரை நிற்கவில்லை என்று நடுவர் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது காரில் நடுவரின் தாளை இரண்டு தரம் வாசித்தாய். பிறகு, "என்ரை கணக்குத்தான் பிழைச்சுப் போச்சு மச்சான்" என்றாய்.

"அடுத்தமுறை பாப்பம்" என்றேன். அதைத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சட்டியின் கைப்பிடி ஆணிகளுக்கு அடியில் விரலால் தடவினேன். செம்மஞ்சளாக எண்ணெய் ஒட்டியது. எண்ணெய் பட்டால் நுரை நிற்காது என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீதானே? சோடாப்பொடி போட்டு இரண்டு தரம் கழுவினேன். உன்னிடம் வாய் திறக்கவில்லை.

நீ அடுத்தமுறை, நுரை நிற்கட்டும் என்று பார்லியோடு கொஞ்சம் கோதுமையும் சேர்த்தாய். நுரை நின்றது. "கண்டியே! என்ரை பழைய முறையிலைதான் பிழை" என்று துள்ளினாய். ஆசை ஆசையாகத் தேடிப் பிடித்த அந்த முறையை அன்றோடு விட்டுவிட்டாய். பிறகு காய்ச்சிய எல்லாவற்றிலும் கோதுமை. நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் போக வெட்கம் கூடியது, ஒரு வருடம் போகச் சொல்லவே முடியாமல் போனது. நீ கோபித்துவிடுவாய் என்று உண்மையிலேயே பயந்தேனா?

போன மாதம் உன் வீட்டுக்காரி ஜெசி போன் எடுத்தாள். "அண்ணை, அவரின்ரை பியரை ஒருக்கால் காய்ச்சித் தாங்கோ. ஆண்டுப் பூசைக்கு வாற சினேகிதருக்கு ஒவ்வொரு கிளாஸ் குடுக்கவேணும்." எதைக் காய்ச்சுவது? இரண்டு நாள் யோசித்தேன். கோதுமை போட்டால் என் பொய் தப்பும். நான் உன் பழைய முறையைக் காய்ச்சினேன்.

நேற்று ஊற்றினோம். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை, குடித்து முடியும் வரை நின்றது. "உது அவரின்ரை பழைய முறையோ? நுரைக்காதெண்டல்லோ விட்டவர்?" என்று ஜெசி கேட்டாள். அவளைக் குசினிக்குள் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் நின்றேன்.

"ஆட்டிறைச்சிக் கறியோ?" என்று சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "அவரும் ரெண்டுதரம் வாங்கிச் சாப்பிட்ட கறி. சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார் அண்ணை. பேந்து சாகுமட்டும் உங்களைப் பகிடி பண்ணியிருப்பார். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான், றெஜி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த போட்டிக்கு உன் பழைய முறையை உன் பெயரிலேயே கொண்டுபோவேன். எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்தக் கறிக் கதையை எல்லாருக்கும் சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன். சிரிப்பார்கள். நீ சிரிக்க வேண்டிய சிரிப்பு அது, நான்தான் உனக்குத் தராமல் விட்டேன்.

உன் ஞானமகளின் தகப்பன்,
அன்ரன்