இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தையாவது கிழிக்காமல் படி.

உனக்கு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி செய்யச் சொல்லி, துப்பாக்கிப் பட்டறைகள் இருக்கும் கார்தோனே ஊருக்குப் போயிருந்தேன். குழல்கள் பக்கம் பக்கமாக, விசையும் இரண்டு. காட்டு உள்ளான் பறவை வேட்டைக்கு நீ கேட்பது அதுதானே! பின்புற மரக்கட்டையை மட்டும் இடது தோளுக்கு வளைக்கச் சொன்னேன்.

கட்டை செதுக்கும் ஃபவுஸ்தினோ, அளவெடுக்க மட்டுமே வைத்திருக்கும், குண்டு போட முடியாத துப்பாக்கியை என்னிடம் கொடுத்தார். குழலுக்கு நேர் எதிரே நின்று என் கண்ணையே பார்த்தபடி, விசையை அழுத்தச் சொன்னார்.

"அழுத்துறப்ப கண்ணை மூடிக்கிறியே, எத்தனை வருஷமா?"

என்னோடு வேட்டைக்கு வருகிறவர்கள் ஒருவருமே காணாததை அந்த மனுஷன் ஒரே பார்வையில் கண்டுவிட்டார்!

"பதினோரு வருஷமா."

"வலது கைக்காரன் நீ. இடது பக்கம் வளைக்கிறது யாருக்கு?"

"என் தம்பிக்கு. அவனுக்கு வலது கண் இல்லை."

எப்படி என்று அவர் கேட்கவில்லை.

"உன் மூஞ்சிக்கு அளவெடுத்து அவனுக்கு எப்படிய்யா செதுக்குறது? அவனைக் கூட்டிட்டு வா."

கட்டை அங்கே காத்திருக்கிறது. நான் இருந்தால் வரமாட்டாய் என்றால், தனியாகவே போ.

அன்று உன் வலப்பக்கம் நின்று சுட்ட,
அண்ணன்